கடும் மனச்சோர்வு உள்ளே எப்படி இருக்கும்? அனுபவித்தவர் எழுதியதைப் படிக்க ஒரு வழி

வீட்டில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். நீங்கள் வந்து நெட்டில் தேடுகிறீர்கள். ஒன்பது அறிகுறிகள், அதில் குறைந்தது ஐந்து இருக்கணும், இரண்டு வாரமாவது தொடரணும், அந்த ஐந்தில் ஒன்று தாழ்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருக்கணும் என்று ஒரு பட்டியல் வரும். பட்டியலில் தப்பு இல்லை, டாக்டருக்கு அது வேண்டும். ஆனால் அதைப் படித்துவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தால், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் உங்கள் தங்கையோ அப்பாவோ ஏன் இத்தனை நாளாகக் குளிக்கவில்லை என்பது இன்னும் புரிந்திருக்காது. அதற்கு, இந்த நோயில் விழுந்து, மீண்டு, அப்புறம் உட்கார்ந்து எழுதியவர்களிடம்தான் போகணும்.

என் அக்காவுக்கு இது வந்தபோது எனக்கு உதவியது அப்படி ஒரு புத்தகம். வில்லியம் ஸ்டைரன் என்ற அமெரிக்க நாவலாசிரியர் 1990-ல் வெளியிட்ட ‘டார்க்னெஸ் விசிபிள்’. நூறு பக்கம்கூட வராது. (அக்காவைப் பற்றி இங்கே எழுதுவதெல்லாம் அவள் சரி என்று சொன்னதால்தான்.) இந்த மாதிரிப் புத்தகத்தை எப்படிப் படித்தால் வீட்டில் படுத்திருப்பவருக்குப் பிரயோஜனப்படும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். ஏனென்றால் கதை மாதிரி ஓட்டிவிட்டால் கண்ணீர் வரும், பாவம் என்று தோன்றும், மறுநாள் காலையில் பழையபடி “எழுந்து கொஞ்சம் வெளிய போய்ட்டு வாயேன், எல்லாம் சரியாயிடும்” என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம்.

படிக்கும் முன்

இது நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கான வழி. நீங்களே இப்போது அதற்குள் இருந்தால் இந்தப் புத்தகங்களைத் தள்ளி வையுங்கள். ஒரு பாராவை மறுபடி மறுபடி படித்தும் மண்டையில் ஏறாதது நோயின் வேலைதான், அந்த நிலையில் தற்கொலை பற்றிய பக்கங்களை வேறு படிக்க வேண்டாம். செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால் இந்தியாவில் 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், அரசு நடத்துவது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சென்னையில் சினேகா அமைப்பு இருக்கிறது, 044-24640050. இலங்கையில் 1926. கூப்பிடத் தெம்பு இல்லையென்றால் போனைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்து அவரைப் பேசச் சொல்லுங்கள்.

எந்தப் புத்தகம்

டாக்டர் சொன்ன நோயின் பெயரைச் சரியாகக் கேட்டுக்கொண்டு அப்புறம் புத்தகத்தைத் தேடுங்கள். மனச்சோர்வு மட்டும் என்றால் ஸ்டைரன் சரி. இருதுருவ நோய், அதாவது சில காலம் அளவுக்கு மீறிய எழுச்சி, சில காலம் பாதாளம் என்று மாறி மாறி வருவது என்றால், கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் 1995-ல் எழுதிய ‘ஆன் அன்கொயட் மைண்ட்’. அவர் அந்த நோயையே ஆராய்ச்சி செய்யும் உளவியலாளர், அவருக்கே அந்த நோய், லித்தியம் மாத்திரையை வேண்டாம் வேண்டாம் என்று வருஷக்கணக்கில் தள்ளிப் பார்த்தவர். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆபத்து. இருதுருவ நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அது எதிர்த் துருவத்துக்குத் தூக்கிப் போட்டுவிடலாம். புத்தகத்தில் ஒருவருக்குக் கேட்ட மருந்து உங்கள் வீட்டு ஆளுக்கு ஏன் எழுதப்படவில்லை என்று டாக்டரோடு சண்டைக்குப் போகும் முன் இதை நினைவில் வையுங்கள்.

நிதானமாகப் படிக்க நேரம் இருந்தால் ஆண்ட்ரூ சாலமனின் ‘த நூன்டே டீமன்’, 2001-ல் வந்தது, அந்த ஆண்டின் நேஷனல் புக் அவார்டு வாங்கியது. தடிமன் புத்தகம், முதலில் அவருடைய சொந்தக் கதை வரும் பகுதியை மட்டும் படித்தால் போதும். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் காலேஜ் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு பக்கம் படியுங்கள். மெதுவாகப் படிப்பது இங்கே நல்லதுதான்.

முதல் தடவை: ‘ஏன் வந்தது’ என்பதை விட்டுவிடுங்கள்

நம் வீடுகளில் முதல் கேள்வியே அதுதான். என்ன குறை இவளுக்கு? நல்ல புருஷன், சொந்த வீடு, பிள்ளை ஆரோக்கியமாக இருக்கிறது, அப்புறம் எதுக்கு? இந்தக் கேள்வியோடு ஸ்டைரனைத் திறந்தால் தேடிக்கொண்டே இருப்பீர்கள், ஏனென்றால் காரணங்கள் அங்கே நிறையவே கிடக்கின்றன. நாற்பது வருஷம் குடித்தவர் 1985-ல் திடீரென்று உடம்பு மதுவை ஏற்காமல் நிறுத்த வேண்டியதாகிறது. அதே வருஷம் அறுபது வயது. தூக்கத்துக்குச் சாப்பிட்ட ஹால்சியன் மாத்திரை. அப்பாவுக்கும் இதே நோய் இருந்திருக்கிறது. அம்மா இவர் சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனார், அந்தத் துக்கம் சரியாக அழுது தீரவில்லை. எல்லாவற்றையும் அவரே அடுக்குகிறார், இதில் எது என்று ஒருபோதும் தெரியாமலே போகலாம் என்றும் சொல்கிறார். எழுதியவருக்கே பிடிபடாத காரணத்தை நாம் நம் வீட்டு ஆளிடம் குறுக்கு விசாரணை செய்து வாங்கப் பார்க்கிறோம். அந்த விசாரணையில் ஒன்றே ஒன்றுதான் அவருக்கு உறைக்கும்: சரியான காரணம் இல்லாமல் படுத்திருக்கிறேன், எனவே குற்றம் என்னுடையது.

காரணத்துக்குப் பதிலாக அந்த பாரிஸ் நாளைப் பாருங்கள். புத்தகம் அங்கேதான் தொடங்குகிறது. 1985 அக்டோபர் கடைசி. சினோ டெல் டூக்கா பரிசு, 25,000 டாலர், அதை வாங்கப் போயிருக்கிறார். எழுதுபவனுக்கு அதைவிடப் பெரிய நாள் எத்தனை வரும்? காலையில் விழா நல்லபடியாக நடக்கிறது. அதை ஒட்டி, பரிசு தரும் அம்மையார் ஏற்பாடு செய்த மதிய விருந்தில் இவர் இருக்கணும். அது நினைவிலேயே இல்லாமல் வேறொருவரோடு சாப்பிட ஒத்துக்கொண்டு விட்டார், அதை அந்த அம்மையாரிடமே போய்ச் சொல்லவும் செய்கிறார். அவர் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டதும்தான் தான் செய்தது என்ன என்று உறைக்கிறது, எனக்கு மனநலப் பிரச்சினை என்று உளறிக் கொட்டுகிறார். ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு வரவில்லை, சிரிப்பு வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. பையில் கையை விட்டால் பரிசுக் காசோலையைக் காணோம். பக்கத்து மேசைக்கு அடியில் கிடந்து கண்டெடுக்கிறார்கள். அதைத் தொலைக்க வேண்டும் என்று தான் உள்ளுக்குள் விரும்பியிருப்பேனோ என்று பின்னால் அவரே கேட்டுக்கொள்கிறார்.

அன்று காலை விழாவில் இருந்த யாரைக் கேட்டாலும் கம்பீரமான ஒரு எழுத்தாளர் வந்து பரிசு வாங்கிக்கொண்டு போனார் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, உங்கள் வீட்டு ஆள் கடைசியாகக் கலந்துகொண்ட விசேஷத்தை நினைத்துப் பாருங்கள். என் அக்கா சித்தப்பா மகள் கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டி, பந்தியில் நின்று எல்லோருக்கும் பாயசம் கேட்டுக் கேட்டு ஊற்றினாள். போட்டோவில் சிரிக்கிறாள். அதற்கு மறுவாரம்தான் அவளை டாக்டரிடம் கூட்டிப் போனோம், “கல்யாணத்துல நல்லாத்தானே இருந்தா” என்று சொந்தத்தில் பாதிப்பேர் அதை நம்பவே இல்லை. வேறு எந்தப் பெரிய நோயாக இருந்தாலும் ஆளைப் படுக்கையில் போட்டு, பார்க்க வருபவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். இந்த நோயில் மட்டும் ஆளைக் கிளப்பி, அலங்காரம் செய்து, நாலு பேர் நடுவில் நிறுத்தி, நலம் விசாரித்தால் பதில் சொல்லவும் வைப்போம் என்ற பொருளில் ஸ்டைரன் எழுதியிருக்கும் பக்கத்தை நான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

இரண்டாவது தடவை: ஓரத்தில் மணி குறியுங்கள்

ஒரு பென்சிலோடு உட்காருங்கள். நேரம் பற்றி எங்கே வந்தாலும் ஓரத்தில் கோடு போடுங்கள். ஸ்டைரனுக்குக் காலைப்பொழுது ஓரளவு பரவாயில்லை. மதியம் தாண்டி மூன்று மணி வாக்கில் பயமும் இருட்டும் சேர்ந்து மூட ஆரம்பிக்கும், படுக்கையில் விழுந்துவிடுவார், சாயங்காலம் போய் ராத்திரியில் கொஞ்சம் விலகும். பலருக்கு இது நேர்தலைகீழ். விடியும் முன்பே, மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ முழிப்பு வந்துவிடும், காலைதான் நரகம், பொழுது போகப் போகத் தேறும். மனச்சோர்வின் ஒரு கடுமையான வகைக்கு மருத்துவர்கள் தேடும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. தன் கதை வழக்கத்துக்கு மாறானது என்று ஸ்டைரனுக்கே தெரிந்திருந்தது.

இது வெறும் தகவல் மாதிரித் தெரியும், ஆனால் எங்கள் வீட்டில் அதிகம் உபயோகப்பட்டது இதுதான். அக்காவுக்குக் காலை பதினொன்று வரை பேச்சே கிடையாது. ஆறு மணிக்கு மேல் சோபாவில் வந்து உட்காருவாள், டிவி பார்ப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எப்போது வருவார்கள்? சாயங்காலம். டாக்டரின் கிளினிக் எப்போது? சாயங்காலம் ஆறிலிருந்து. ஆக டாக்டரும் சொந்தமும் பார்த்தது அவளுடைய ஆகச் சிறந்த ஒரு மணி நேரத்தை மட்டும்தான். ஒரு வாரம் மணிவாரியாக ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினோம்: எப்போது எழுந்தாள், எப்போது முதல் வார்த்தை பேசினாள், என்ன சாப்பிட்டாள், எப்போது அழுதாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விகளே வேறு. நீங்களும் அப்படி எழுதுங்கள். மணி, நடந்தது, அவ்வளவுதான், உங்கள் அபிப்பிராயம் எதுவும் அதில் வேண்டாம்.

முடியாமல் போனவற்றைக் கோடு போடுங்கள்

சோகத்தைப் பற்றி எழுதிய வரிகள் அழகாக இருக்கும், கண் அங்கேதான் போகும். அதைத் தாண்டி, உடம்பு எதைச் செய்ய மறுத்தது என்று சொல்லும் வரிகளைப் பிடியுங்கள். ஸ்டைரனுக்குக் குரல் போய்விடுகிறது, கிழவரின் இழுப்பு மாதிரி ஆகிவிடுகிறது. நடை கால் தேய்ப்பதாக மாறுகிறது. சாப்பாட்டில் ருசி இல்லை, உயிர் பிழைக்கத் தின்கிறார். மாத்திரை போட்டும் சில மணி நேரத் தூக்கம்தான், அதிலும் கனவு கிடையாது. சாலமன் படுக்கையை விட்டு எழுந்து குளிப்பதைத் தனித்தனி வேலைகளாகப் பிரித்து எழுதுகிறார். காலைத் தரையில் வைக்கணும், எழுந்து நிற்கணும், குளியலறை வரை நடக்கணும் என்று ஒவ்வொன்றும் அவர் முன் தனித்தனியாக வந்து நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தைரியம் வேண்டியிருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு அக்காவின் இட்லித் தட்டு ஞாபகம் வந்தது. மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, எப்போதும் அவளுக்குப் பிடித்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு கையைத் தூக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள், சட்னி ஓரம் காய்ந்துபோகும். தேறிய பிறகு கேட்டேன். “பிய்க்கணும், தொட்டுக்கணும், வாய்ல வைக்கணும், மெல்லணும், முழுங்கணும், அப்புறம் திரும்ப அதே, மூணு இட்லிக்கும். நினைச்சாலே முடியலடா” என்றாள். சோம்பேறிக்கும் இவளுக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. சோம்பேறி வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பிடித்ததைச் செய்வான். இவளுக்குப் பிடித்ததும் வேலையாகிவிட்டது.

சரி, இதை வைத்து வீட்டில் என்ன செய்வது? கேள்வியைக் குறையுங்கள். “என்ன சாப்பிடுற?” என்று கேட்டால் அவர் யோசிக்கணும், தேர்ந்தெடுக்கணும், சொல்லணும், மூன்று வேலை. பிசைந்த தயிர்சாதத்தை ஸ்பூனோடு கையில் கொடுத்தால் வேலை ஒன்று. “குளிச்சிட்டு வா” என்பதை வெந்நீர் எடுத்து வைத்துவிட்டு “பாத்ரூம் வரைக்கும் வா” என்று மாற்றுங்கள். அங்கே போய்த் திரும்பி வந்துவிட்டாலும் பரவாயில்லை, முகம் கழுவியதோடு அன்றைக்குப் போதும். பாராட்டவும் வேண்டாம். குழந்தையைப் பாராட்டுவது மாதிரிப் பேசினால் அது அவர்களுக்குக் குத்துகிறது, அக்காவே சொன்னாள்.

ஒளித்து வைத்தவை

இந்தப் பகுதியைப் பகலில் படியுங்கள், தனியாக இருக்கும்போது வேண்டாம்.

ஸ்டைரனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது, யார் கண்ணிலும் படக்கூடாது என்று வைத்திருந்தது. ஒருநாள் அதை நன்றாகச் சுற்றி, யாரும் கவனிக்காதபடி குப்பையில் போடுகிறார். வக்கீலைப் பார்த்து உயிலைத் திருத்துகிறார். வெளியே இருப்பவர்களுக்கு இது பொறுப்பான மனிதர் செய்யும் காரியமாகத்தான் தெரியும். உள்ளே அது கிளம்புவதற்கான ஏற்பாடு. புத்தகத்தில் இப்படி வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் எதைப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். கணக்கு வழக்கைத் திடீரென்று ஒழுங்குபடுத்துவது, பிடித்த பொருளை எடுத்து யாருக்காவது கொடுப்பது, பிள்ளைகளை யாரிடமாவது “பாத்துக்கோ” என்று ஒப்படைப்பது போலப் பேசுவது, பல நாள் தவிப்புக்கு அப்புறம் காரணமே இல்லாமல் வரும் அமைதி. இந்தக் கடைசி ஒன்றில்தான் வீட்டில் இருப்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடுகிறார்கள்.

சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள். சுற்றி வளைக்காமல், “சாகணும்னு தோணுதா?” என்று. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகிவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்காமல் விட்டால்தான் அவர் அதோடு தனியாக இருப்பார். ஆமாம் என்றால் கத்தாதீர்கள், பிள்ளை மேல் சத்தியம் வாங்காதீர்கள். தனியாக விடாதீர்கள். மாத்திரை ஸ்டாக்கும் வீட்டில் ஆபத்தாகக்கூடிய எதுவும் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும், ஒரு வேளைக்கு உள்ளதை மட்டும் கையில் கொடுங்கள். அன்றைக்கே மருத்துவமனை. முயற்சி ஏதாவது நடந்திருந்தால் போலீஸ் கேஸ் ஆகும் என்று ஒளிக்காதீர்கள். 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

அந்த ராத்திரி

புத்தகத்தின் உச்சக் கட்டம் இதுதான். குளிர்கால இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று. முடிவு எடுத்தாகிவிட்ட மனநிலையில் ஸ்டைரன் ஒரு திரைப்பட டேப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் திடீரென்று ஒரு பெண்குரல், ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் ‘ஆல்ட்டோ ராப்சடி’ என்ற பாட்டு. மாதக்கணக்கில் எந்த இசையும் உள்ளே போகாமல் இருந்தவருக்கு இது நெஞ்சில் இறங்குகிறது. அந்த வீட்டில் ஓடிய பிள்ளைகள், சிரிப்பு, பூனைகள், நாய்கள் எல்லாம் வெள்ளமாக வருகிறது. அந்தப் பாட்டை அம்மா பாடிக் கேட்டிருக்கிறார் என்று பின்னால்தான் தெளிகிறது.

இங்கே நிறையப் பேர் இசை காப்பாற்றியது, குடும்ப நினைவு காப்பாற்றியது என்று எடுத்துக்கொண்டு, நோயாளிக்கு இளையராஜா பாட்டும் பழைய ஆல்பமும் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். அடுத்த இரண்டு வரியையும் படியுங்கள். அவர் மனைவியை எழுப்பினார். போன்கள் போயின. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். எழுப்பினால் எழுந்திருக்க ஒரு ஆள் அந்த வீட்டில் இருந்தார் என்பதுதான் நாம் பார்த்துச் செய்யக்கூடிய பகுதி. அதே அறையில் படுங்கள், இல்லையென்றால் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்து அறையில். “எத்தனை மணியானாலும் எழுப்பு, திட்ட மாட்டேன்” என்று வாயால் சொல்லுங்கள், அவர்கள் தானாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள், தாங்கள் மற்றவர்களுக்குப் பாரம் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

ஏழு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஸ்டைரன் ஆஸ்பத்திரியில் இருந்தார், தேறினார். அவர் டாக்டர் கோல்ட் என்று பெயர் மாற்றி எழுதும் மருத்துவர், ஊர் என்ன சொல்லும் என்ற காரணத்துக்காக ஆஸ்பத்திரியைத் தவிர்க்கவே சொல்லியிருந்தார். பல வாரம் முன்பே சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஸ்டைரனின் தீர்மானமான கருத்து. நமக்கு இது ரொம்பவே பொருந்தும். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம், சென்னையில் 1794-ல் தொடங்கி இன்றுவரை ஏழை பாழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் அரசு மனநல மருத்துவமனை இருக்கும் இடம் அது. அங்கே போகத் தயங்கினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள். போகாமல் மட்டும் இருக்காதீர்கள்.

மருந்து விஷயத்தில் ஒன்று. ஸ்டைரன் ஹால்சியன் மேல் கடுங்கோபமாக எழுதியிருப்பார், அவருக்கு அது அதிக அளவில் கொடுக்கப்பட்டிருந்தது. பிரிட்டன் 1991-ல் அந்த மாத்திரைக்குத் தடை போட்டது. இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டு ஆளின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு மருந்து, வேறு காலம். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். பக்க விளைவு முதலில் வரும், பலன் பின்னால் வரும், நடுவில் உள்ள வாரங்களில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இருபத்தைந்து வயதுக்குக் கீழே என்றால் ஆரம்ப வாரங்களில் கூடுதலாகக் கவனியுங்கள், தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை உண்டு.

மகள் எழுதியதையும் படியுங்கள்

தன் நோயைப் பற்றி எழுதுபவர் தன் உள்ளே நடந்ததைச் சொல்வார். அதே வீட்டில் சமையலறையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. ஸ்டைரன் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி, அவருடைய கடைசி மகள் அலெக்ஸாண்ட்ரா ஸ்டைரன் 2011-ல் ‘ரீடிங் மை ஃபாதர்’ என்று எழுதினார். அப்பாவின் கோபத்தைச் சுற்றிப் பிள்ளைகள் பதுங்கி நடந்தது, உலகமே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது வீடு எப்படி இருந்தது எல்லாம் அதில் இருக்கிறது. பார்த்துக்கொள்பவருக்குக் கோபம் வரும், அலுப்பு வரும், ஒரு நொடி வெறுப்புகூட வரும். அதை யாராவது எழுதிப் படித்தால்தான் நாம் ராட்சசன் இல்லை என்று தெரிகிறது. உங்கள் தூக்கத்துக்கு யாரையாவது மாற்றி விடுங்கள், இது மாதக்கணக்கில் ஓடும் வேலை.

மகளின் புத்தகம் இன்னொன்றையும் சொல்கிறது. அப்பாவின் புத்தகம், நரகத்திலிருந்து வெளியே வந்து மறுபடி நட்சத்திரங்களைப் பார்த்தோம் என்ற இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் வரியோடு நம்பிக்கையாக முடியும். வாழ்க்கை அதோடு முடியவில்லை. 2000-ல் நோய் மறுபடி வந்தது, கடுமையாக வந்தது, மின் அதிர்வுச் சிகிச்சை வரை போனது. அவர் 2006-ல் நிமோனியாவில் இறந்தார். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது இந்த நோயில் சகஜம், அதனால் தேறியதும் கோவிலுக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லி, படிப்படியாக. மின் சிகிச்சை என்றதும் சினிமாவில் கட்டிப்போட்டுக் கரண்ட் வைக்கும் காட்சி ஞாபகம் வரும். இன்றைக்கு அது மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்த பிறகுதான், மயக்கம் கொடுக்காமல் செய்வதை இந்தியாவில் சட்டமே தடை செய்திருக்கிறது. நினைவில் கொஞ்சம் தடுமாற்றம் வரலாம், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாப்பிடாமல் குடிக்காமல் கிடக்கும் நிலைக்கு அது உயிர் காக்கும் வைத்தியம்.

அப்புறம், படிக்கும்போது ஒன்றை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். ஸ்டைரனுக்குக் கனெக்டிகட்டில் ஒரு வீடு, கடலோரத்தில் மார்த்தாஸ் வினியார்டில் இன்னொன்று. எந்த முதலாளியிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு ஏழு வாரம் என்பது வேலை போவது. அவருடைய நோயை எடுத்துக்கொள்ளுங்கள், அவருடைய வசதியை அளவுகோலாக எடுக்காதீர்கள். இன்னொன்று, எழுதியவர்கள் எல்லோருமே மீண்டவர்கள், தெளிந்த மனதோடு திரும்பிப் பார்த்து எழுதியவர்கள். நோயின் நடுவில் இருப்பவரிடம் அந்தத் தெளிவான வாக்கியங்களை எதிர்பார்க்க முடியாது. “தெரியல” என்பதுதான் அங்கே முழுப் பதில், அதை நம்புங்கள்.

கடைசியில் புத்தகத்தை வைத்து என்ன பேசுவது

ஆள் கொஞ்சம் தேறிய பிறகு, டாக்டரும் சரி என்றால், ஒரே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்கு முந்திய இரவைத் தேர்ந்தெடுக்காதீர்கள், குரல் போனது, சாப்பாடு, நேரம் மாதிரி ஏதாவது. சொல்லிவிட்டு, “உனக்கும் இப்படித்தானா, வேற மாதிரியா?” என்று மட்டும் கேளுங்கள். “எப்படி இருந்துச்சு சொல்லு” என்றால் எதுவும் வராது. முன்னால் ஒன்று இருந்தால் அதை மறுத்தாவது பேச்சு தொடங்கும். அக்கா மறுத்துத்தான் தொடங்கினாள். “அவருக்குப் பயம் இருந்திருக்கு. எனக்கு அதுகூட இல்ல. பாப்பா அழுதா சத்தம் கேக்கும், அது அழுகைன்னு தெரியும், அவ்ளோதான்.” அதுவரை நானும் மாமாவும் அவள் குழந்தையைக் கண்டுகொள்ளாமல் இருந்ததற்கு என்னென்னவோ அர்த்தம் கற்பித்துக்கொண்டிருந்தோம்.

அப்படிப் பேசியதை வைத்து ஒரு ஏ4 தாளில் அவர்கள் வாயால் சொல்வதை எழுதுங்கள். மறுபடி வருகிறது என்றால் முதலில் என்ன தெரியும் (அக்காவுக்கு, தலை பின்னுவதை விடுவதும் வாட்ஸப்பில் பதில் போடாததும்), நாளின் எந்த நேரம் மோசம், யார் பேசினால் பிடிக்கும், யார் வரவே வேண்டாம், என்ன சொன்னால் வலித்தது, என்ன மாத்திரை எவ்வளவு கேட்டது, எந்த டாக்டர், எந்த நிலை வந்தால் தன்னைக் கேட்காமலே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம். அவர்களையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போட்டோ எடுத்து வீட்டில் மூன்று பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது ஒரு பிரதியை ஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள், மருந்து மாறும்போதெல்லாம் திருத்துங்கள்.